அலைன்மென்ட் பின்சக்கரத்தில் தொடங்குகிறது

மழை பெய்து ஓய்ந்த ஓசூர் சாலையில் ஒரு பழைய காரின் பின்னால் போக நேர்ந்தால், அது விட்டுச்செல்லும் டயர் தடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒழுங்கான காரில் முன் டயர் போன வழியையே பின் டயரும் பிடித்துக்கொண்டு போகும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும், இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்த வித்தியாசம் ஒரே அளவாக இருக்கும். சில கார்களில் அப்படி இருக்காது. பின்பக்கம் முழுவதும் வலப்புறம் ஒதுங்கியிருக்கும், மூக்கு சற்றே இடப்புறம் பார்க்கும். உள்ளே ஓட்டுபவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நேராகப் போய்க்கொண்டிருப்பார். பல மாதங்களாக அப்படியே பிடித்துப் பிடித்து, கை அதற்குப் பழகியிருக்கும்.

இப்படிப்பட்ட கார் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனால், பெரும்பாலும் முன்சக்கரத்து டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்கள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். அதற்குள் இன்னொரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும், பழைய குறை மறுபடியும் தலைதூக்கும். இதற்குக் காரணம் எளிது. முன்சக்கரம் எந்தத் திசையில் நின்றால் கார் நேராக ஓடும் என்பதைப் பின்சக்கரங்கள்தான் முடிவுசெய்கின்றன. அவை கோணலாக இருக்கும்போது முன்னால் மட்டும் திருகுவது, கோணலுக்கு ஏற்றபடி மீதிக் காரையும் வளைப்பதாகத்தான் முடியும்.

பெங்களூரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய கார்கள் அன்போடு ஓடிக்கொண்டிருக்கின்றன. தந்தை வாங்கிய மாருதி 800, முதல் சம்பளத்தில் வாங்கிய சான்ட்ரோ, விற்க மனம் வராத எஸ்டீம் எனப் பட்டியல் நீளும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கட்டி ஒரு காரை வைத்திருப்பவர்கள், அதன் பின்சக்கரங்கள் எந்தத் திசையில் பார்க்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மழையில் சட்டென்று பிரேக் பிடிக்கும் நேரத்தில் பின்பக்கம் நிலைகொள்வதும் வழுக்குவதும் அதைப் பொறுத்தவை.

மூன்று அளவுகள் போதும்

அலைன்மென்டில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் டோ, கேம்பர், காஸ்டர். இதில் காஸ்டர் ஸ்டியரிங் சேர்ந்த முன்சக்கரங்களுக்கானது. பின்னால் பார்க்க வேண்டியவை டோ, கேம்பர், அவற்றோடு திரஸ்ட் கோணம்.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்புகள் உட்பக்கம் நெருங்கியிருந்தால் டோ இன், வெளிப்பக்கம் விரிந்திருந்தால் டோ அவுட். பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதே திரஸ்ட் கோணம். அது காரின் நடுக்கோட்டோடு ஒன்றிப் போக வேண்டும்.

அலைன்மென்ட் கடையில் தரும் அச்சுத்தாளில் பலரை ஏமாற்றிவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு காரின் பின்பக்க டோ, இடது சக்கரத்தில் +0.40 டிகிரி, வலது சக்கரத்தில் −0.20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் மொத்தம் +0.20 டிகிரி. எல்லைக்குள்தான் இருக்கிறது என்று தாளில் பச்சை நிறம் காட்டிவிடும். உண்மையில் இடது சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது, வலது சக்கரமும் வலப்பக்கமே பார்க்கிறது. இரண்டின் வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.30 டிகிரி, திரஸ்ட் கோணமாகிறது. எஸ்டீமின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,365 மி.மீ. அந்த நீளத்தில் 0.30 டிகிரி என்பது பின்பக்கத்தை 12 மி.மீ. அளவுக்கு ஒதுக்கிவிடும். ஆகவே மொத்த டோவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒவ்வொரு சக்கரத்தின் டோவையும் திரஸ்ட் கோணத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

டயர் தேய்மானத்தை மட்டும் நம்பினாலும் இதே ஏமாற்றம்தான். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தால் அவை ஒன்றோடொன்று இணையாக ஓடும். டயர் அதிகம் தேயாது. ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். இரண்டும் எதிரெதிராகப் பார்க்கும்போதுதான் டயர் அழியும். சக்கரம் ஒவ்வொன்றும் 0.5 டிகிரி தவறாக நின்றால், காரோடு ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சுமார் 8.7 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசுகிறது. சில்க் போர்டு பக்கம் ஏறி எலக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலத்தில் சுமார் 10 கி.மீ. போனால் 87 மீட்டர் உரசல். வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவரின் டயர் ஓராண்டில் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் பின் டயர்கள் வெறுமனே உருண்டுவருபவை. அவற்றில் டோ கெட்டால் குறுக்குவாட்டில் சாய்ந்த திட்டுத் திட்டான தேய்மானம் வரும். டயர் மேல் உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல்போலவும் இருக்கும். அந்தப் பல் வேகமாக ஓடும்போது எழுப்பும் உறுமல், வீல் பேரிங் கெட்ட சத்தத்தைப் போலவே கேட்கும். பேரிங்கை மாற்றியும் சத்தம் நிற்காத கார்களில் இந்தத் தேய்மானத்தைத் தேடிப் பார்ப்பது பலன் தரும்.

பள்ளமும் ஹம்ப்பும்

பெங்களூர்ச் சாலைகள் பின்சக்கரத்தைப் படுத்தும் விதமே தனி. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. குடியிருப்புச் சந்துகளில் இருப்பவை பெரும்பாலும் குறுகலாகவும் செங்குத்தாகவும் எழும்பி நிற்கின்றன. ஓரத்தில் இருக்கும் இடைவெளியில் ஒரு பக்கச் சக்கரத்தை விட்டு, மறுபக்கச் சக்கரத்தை மட்டும் ஹம்ப்பில் ஏற்றிப் போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதனால் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களில் ஒரு பக்கத்தவையே மீண்டும் மீண்டும் அடி வாங்குகின்றன. பள்ளம் வரும்போது முன்சக்கரத்தைப் பார்த்து ஒதுக்கிவிடலாம். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உட்புறமாக வருவதால், அது பள்ளத்தில் இறங்கிவிடும். கான்கிரீட் சாலையாக மாற்றிய வீதிகளில் புதிய தளமும் பழைய தாரும் சேரும் விளிம்பும் இதே வேலையைச் செய்கிறது.

இன்னொரு காரணம் எடை. பெட்ரோல் விலைக்குப் பயந்து எல்.பி.ஜி. பொருத்திய பழைய கார்களில் சிலிண்டர் டிக்கியில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். பின் ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் காரின் பின்பகுதி தாழும். தனிச் சஸ்பென்ஷன் கொண்ட கார்களில் உயரம் மாறினாலே கேம்பரும் டோவும் மாறும். 1998 டிசம்பரில் வந்த டாடா இண்டிகாவின் பின்சக்கரங்கள் செமி டிரெய்லிங் ஆர்மில் நிற்பவை. இந்த அமைப்பில் ஆளும் பெட்டியும் ஏற ஏறச் சக்கரத்தின் தலை உட்பக்கம் சாயும். சுமையோடு ஓடிய வாடகை இண்டிகாக்களில் பின் டயரின் உள்விளிம்பு மட்டும் நூல் தெரியத் தேய்ந்ததற்கு இந்த அமைப்பே முக்கியக் காரணம். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை ஸ்பிரிங்கின் உயரமும் ஆர்ம் புஷ்களும். அவற்றை விட்டுவிட்டு அலைன்மென்ட் மட்டும் செய்வது வீண்செலவு.

காருக்கு ஏற்ற வைத்தியம்

பின்பக்க அமைப்பு எது என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். பழைய கார்களில் மூன்று வகை அதிகம்.

முதல் வகை, பட்டை ஸ்பிரிங் மேல் உட்காரும் முழு அச்சு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இந்த வகை. இவற்றில் டோவைத் திருத்தத் திருகு எதுவும் கிடையாது. ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் நடுபோல்ட்டின் தலை, அச்சில் இருக்கும் துளையில் உட்கார்ந்து இடம் காட்டுகிறது. அந்தப் போல்ட் அறுந்தாலோ யூ போல்ட்டுகள் தளர்ந்தாலோ, அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாக நீளமாக இருந்தால் நடுபோல்ட்டையும் ஸ்பிரிங் கண் புஷ்களையும் பார்க்க வேண்டும். போல்ட்டை மாற்றி, யூ போல்ட்டுகளை உரிய அளவில் முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முறுக்கிப் பார்த்தால் அச்சு தன் இடத்தில் நிலைக்கும்.

இரண்டாவது, குறுக்கே ஒரே உத்தரம் ஓடும் டுவிஸ்ட் பீம். மறைமலை நகரில் தயாராகி 1999இல் வந்த ஃபோர்டு ஐகான் இதற்கு நல்ல உதாரணம். இங்கேயும் திருத்தத் திருகு இல்லை. பீமின் முன்முனைகளில் இருக்கும் இரண்டு பெரிய புஷ்கள் கிழிந்தால் முழு பீமும் கோணலாகத் திரும்பும். பலருக்குப் புஷ் மாற்றியதுமே குறை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் பீமோ சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்ஸிலோ வளைந்திருக்கும். சிறிய பிழைக்கு, ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் தகடு வைத்து டோவையும் கேம்பரையும் கொஞ்சம் திருத்தலாம். ஜாக்கி வைத்துத் தள்ளி, சங்கிலி போட்டு இழுத்து பீமை நிமிர்த்தித் தரும் பட்டறைகளும் உண்டு. அந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது. வளைந்து நிமிர்ந்த இரும்பும் அதன் வெல்டிங்கும் எங்கே விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிவாஜிநகர் குஜ்ரிச் சந்தையில் பிரித்துப்போட்ட கார்களிலிருந்து நேரான பீம் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டுவது அதைவிடப் பாதுகாப்பானது. வாங்குமுன் பழையதையும் அதையும் பக்கத்தில் வைத்து அளந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக நிற்கும் அமைப்பு. மாருதி எஸ்டீம் இங்கேதான் வருகிறது. 1990இல் வந்த மாருதி 1000இன் உடலோடு 1994இல் 1.3 லிட்டர் எஞ்சினைப் பெற்ற கார் இது. ராலி ஓட்டுநர்கள் விரும்பி ஓட்டியது. அதன் பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரட்டிலும், கீழே ஒரு சஸ்பென்ஷன் ஆர்மிலும், ஒரு கன்ட்ரோல் ராடிலும் நிற்கிறது. கன்ட்ரோல் ராடின் உள்முனைப் போல்ட்டில் டோவைத் திருத்த வழி வைத்திருக்கிறார்கள். இந்த வசதி இருப்பதே தெரியாமல் எத்தனையோ எஸ்டீம்களின் பின்சக்கரம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து தொடப்படாமல் கிடக்கிறது.

எஸ்டீம் பின்பக்கம்: வேலையின் வரிசை

தொடப்படாமல் கிடந்த போல்ட்டில் முதல் எதிரி துரு. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு போல்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு நீளக் குழாயை மாட்டித் திருகினால் போல்ட் முறியும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, மறுநாள் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்ற வேண்டும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டிச் சூடேற்றுவது முன்சக்கரப் பக்கம் செய்யும் பழக்கம். பின்னால் அது ஆபத்து. பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அருகிலேயே இருக்கின்றன, எல்.பி.ஜி. கார் என்றால் அதன் குழாயும் சேரும். கிரைண்டரின் பொறிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். போல்ட் அசையாவிட்டால், பிளேடு ரம்பத்தால் கையால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் போல்ட்டும் புஷ்ஷும் போடுவது மேல்.

கழற்றும் முன் அந்தப் போல்ட்டின் வாஷர் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியாலோ பெயின்ட்டாலோ குறித்து வைத்தால், திரும்ப மாட்டும்போது காரை அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போகும் அளவுக்காவது சக்கரம் நேராக நிற்கும்.

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழைய மாருதிக்கான புஷ்கள் கிடைக்கின்றன. தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் அந்தக் கடைகளில், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு தரப் புஷ்களை எடுத்து வைப்பார்கள். விலை குறைந்ததில் ரப்பர் நடுக்குழலோடு சரியாகப் பிடிக்காமல் சீக்கிரம் கழன்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரு பக்கமும் மாற்றுவது முறை. புது ரப்பரும் இளகிய ரப்பரும் சுமையின் கீழ் ஒரே அளவு வளையாது.

மாட்டும்போது பலர் கோட்டைவிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. கார் ஜாக்கியில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். கார் தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே போகிறது. தொங்கிய நிலையில் இறுகிய ரப்பர் அன்றைக்கே முறுக்கேறிவிடுகிறது. அது ஓடும் நாளெல்லாம் அந்த முறுக்கோடுதான் ஓடும். புதுப் புஷ் சில மாதங்களில் கிழிவது இதனால்தான். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும்.

புஷ் முடிந்ததும் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா, ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் இயந்திரம் காட்டும் எண் பொய்யாகிவிடும். டயர் காற்றையும் நான்கிலும் சரிபார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

நூல் கட்டி அளக்கும் முறை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு பழைய முறை உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் சமமான இடம் தேடி, காரின் நான்கு மூலைக்கும் வெளியே நூல் கட்டும் தூணாக ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, காரின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் நூல் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு முன் ஹப்புகளிலிருந்தும் நூல் ஒரே தூரத்திலும், இரண்டு பின் ஹப்புகளிலிருந்தும் ஒரே தூரத்திலும் இருக்க வேண்டும். இரு நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும் முக்கியம். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் வேறாக இருப்பதால், முன் தூரமும் பின் தூரமும் சமமாக வராது. அது தவறில்லை.

பிறகு பின்சக்கர ரிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும், பின்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும் ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். முன்விளிம்பு நூலிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ இன். 13 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஆறில் ஒரு டிகிரி. காரை நகர்த்தி, சக்கரம் அரைச்சுற்று சுற்றியதும் நூலைச் சரிபார்த்து மறுபடியும் அளந்து சராசரி எடுத்தால், ரிம் வளைவால் வரும் பிழை நீங்கிவிடும்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் பின்னால் சிறிதளவு டோ இன் வைப்பார்கள். அது பின்பக்கத்தை அடக்கமாக வைத்திருக்கும். பின்னால் டோ அவுட் ஆகிவிட்டால், ஈரத்தில் லேன் மாறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்பக்கம் சுற்றிக்கொள்ளத் துடிக்கும். நூலில் டோ அவுட் தெரிந்தால் அந்தக் காரை நைஸ் ரோடு போன்ற விரைவுச் சாலையின் வேகத்துக்கு எடுத்துப்போவதைத் தள்ளிவைக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

இன்று பல கடைகளில் கேமராவும் சக்கரத்தில் மாட்டும் பலகைகளும் கொண்ட 3டி இயந்திரம் இருக்கிறது. புதுச்சேரியில் இயங்கும் மனாடெக் போன்ற நிறுவனங்கள் இங்கேயே அவற்றைச் செய்கின்றன. காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினால் நான்கு சக்கரங்களின் கோணமும் திரையில் வந்துவிடும். இயந்திரம் நான்கையும் அளந்தாலும், வேலை செய்பவர் இரண்டை மட்டும் தொட்டால் பயனில்லை. ஆகவே காரை ஏற்றும்போதே, "முதல்ல பின்னால டோ சரி பண்ணுங்க, அப்புறம் முன்னால" என்று சொல்லிவிட வேண்டும். பின் கேம்பர், பின் டோ, திரஸ்ட் கோணம், அதன்பின் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு முன் கேம்பர், முன் டோ என்பதே சரியான வரிசை. ஒரு பின்சக்கரத்தின் டோ திருந்தினாலே முன்சக்கரக் கணக்கு மாறிவிடும்.

திருத்த வழியே இல்லாத பீம் கார்களில், புஷ்ஷும் ஸ்டப் ஆக்ஸிலும் நன்றாக இருந்து திரஸ்ட் கோணம் மட்டும் சிறிது மிஞ்சினால், அந்தத் திரஸ்ட் கோட்டை ஆதாரமாக வைத்து முன்சக்கரங்களை அமைக்கும் முறை இயந்திரத்திலேயே இருக்கிறது. ஸ்டியரிங் நேராக நிற்கும், டயரும் தேயாது. கோணம் பெரிதாக இருந்தால் இதை ஏற்கக் கூடாது. அப்போது இருபக்கச் சக்கர இடைவெளியையும் அடிப்பகுதியின் மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். பழைய விபத்தில் பின்பக்கம் அடிவாங்கி, டிங்கரிங் செய்து பெயின்ட் பூசி மறைத்த கார்களில், ஆர்ம் மாட்டும் புள்ளியே உடலில் நகர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யும் இடம் காரைக் கட்டி இழுக்கும் பெஞ்ச் உள்ள பாடி ஷாப்தான். பழைய கார் வாங்கப்போகிறவர், பணம் கொடுக்கும் முன் நான்கு சக்கர அளவுத்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பெயின்ட் மறைத்த விபத்தும் அதில் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு.

வேலைக்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பதிவுச் சான்றோடு சேர்த்து வைப்பது பிறகு உதவும். ரம்பப் பல்லாகத் தேய்ந்த பழைய டயரின் சத்தம் அலைன்மென்ட் சரியானதும் உடனே போய்விடாது. பல் ஆழமில்லை என்றால் டயர் ஓட ஓடச் சத்தம் மெல்லக் குறையும். ஆழமாக இருந்தால் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பின் டயரை மறுபடியும் இருபக்கமும் தடவிப் பார்த்து, பல் கூடாமல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை கவலையின்றி ஓட்டலாம். கூடியிருந்தால், எஸ்டீமில் முதலில் கன்ட்ரோல் ராடின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.